ரோமில் இரண்டே நாள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐரோப்பியச் சுற்றுலாவில் ரோமுக்கு இரண்டு நாள்தான் கிடைத்திருக்கிறது. எதில் தொடங்குவது?

காலண்டரில். ரோமில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடந்தே போகும் தூரத்தில்தான் இருக்கின்றன. நாளைக் கெடுப்பது விடுமுறைக் கதவுகள். வத்திக்கான் அருங்காட்சியகம் ஞாயிறு மூடியிருக்கும். மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறப்பார்கள், கூட்டம் தெருவைச் சுற்றும். ஜூன் 29, ஆகஸ்ட் 15 போன்ற திருநாள்களிலும் கிடையாது. புதன் காலை போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நாளென்றால் புனித பேதுரு பேராலயத்துக்குள் மதியம் வரை போக முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் இலவசம். நேரம் குறைவாக உள்ளவர்கள் அந்த இலவசத்துக்கு ஆசைப்பட வேண்டாம். இவற்றைத் தவிர்த்து வத்திக்கானுக்கு ஒரு நாள், கொலோசியத்துக்கு ஒரு நாள் என்று பிரித்துவிட்டுப் பிறகு ஓட்டலைப் பாருங்கள்.

கேள்வி: கொலோசியம் டிக்கெட்டை அங்கே போய் வாங்கிக்கொள்ளலாமா?

அந்த எண்ணமே வேண்டாம். அதிகாரபூர்வ தளத்தில் 30 நாள் முன்னதாக விற்பனை தொடங்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. அதிலேயே பக்கத்திலுள்ள பழைய நகரச் சதுக்கத்தின் இடிபாடுகளான ரோமன் ஃபோரமும், பேரரசர்களின் அரண்மனைகள் இருந்த பாலடைன் குன்றும் அடங்கும். 24 மணி நேரம் செல்லும். டிக்கெட்டில் பெயர் அச்சாகும், வாசலில் அடையாள அட்டை கேட்பார்கள். எனவே இனிஷியலைச் சுருக்காமல் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பதியுங்கள். பெரிய பைக்கு அனுமதி இல்லை, வைத்துவிட்டுப் போக உள்ளே இடமும் இல்லை. ரயிலிலிருந்து இறங்கிப் பெட்டியோடு நேரே வருபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கொலோசியத்துக்குள் குறித்த நேரத்தில்தான் நுழைய வேண்டும். காலை முதல் நேரத்தை எடுத்து, அதை முடித்ததும் சான் கிரிகோரியோ சாலை வாசல் வழியே பாலடைனுக்குப் போங்கள். தெம்பு இருக்கும்போதே குன்றேறி, மேலிருந்து ஃபோரத்தைப் பார்த்துவிட்டு அதற்குள் இறங்கலாம். ஃபோரமும் பாலடைனும் சேர்ந்து ஒரே நுழைவு. சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்று வெளியேறினால் மறுபடி விடமாட்டார்கள். ஃபோரத்தில் நிழல் குறைவு, பழைய கருங்கல் பாதை மேடுபள்ளம். செருப்பை விட ஷூ நல்லது. தண்ணீருக்குத் தெருவோர இரும்புக் குழாய்கள் உண்டு, குடிக்கத் தகுந்த நீர்தான். மூக்குப் போன்ற வாயை விரலால் அடைத்தால் மேலிருக்கும் துளை வழியே நீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

கேள்வி: வத்திக்கானில் அருங்காட்சியகம் முதலிலா, பேராலயம் முதலிலா?

பேராலயம். காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். டிக்கெட் இல்லை, ஆனால் பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு. பத்து மணிக்கு மேல் அது சதுக்கத்தையே வளைத்து நிற்கும். குவிமாடம் ஏற 551 படி. லிஃப்டுக்குப் பணம் கட்டினாலும் 320 படி மிச்சம். கடைசிப் பகுதியில் சுவரே சாய்ந்து வழி குறுகும், நடுவில் திரும்ப இடமில்லை, மூட்டுவலிக்காரர்கள் விட்டுவிடலாம். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புடவை, சுடிதாருக்குச் சிக்கல் இல்லை, அரைக்கால் சட்டைக்காரர்களைத்தான் வாசலில் திருப்பி அனுப்புவார்கள்.

அருங்காட்சியக வாசல் வேறு பக்கம். மதிலை ஒட்டிக் கால் மணி நடை. முன்பதிவோடு 25 யூரோ. சிஸ்டைன் சிற்றாலயம் பாதையின் கடைசியில் வருவதால், முன்னுள்ள கூடங்களில் முழுத் தெம்பையும் செலவழித்துவிடாதீர்கள். மேற்கூரையை மைக்கேலாஞ்சலோ 1508 முதல் 1512 வரை வரைந்தார். பலிபீடச் சுவரில் உள்ள ‘இறுதித் தீர்ப்பு’ இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து, 1536-இல் தொடங்கியது. இரண்டிலும் மனித உடலின் கனம் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள். படமெடுக்கத் தடை, அதுவும் நல்லதற்கே.

கேள்வி: பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்குக் கட்டணம் உண்டா?

2023 ஜூலையிலிருந்து உண்டு, 5 யூரோ. குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து உச்சிவரை உயரமும் ஒன்றே, சுமார் 43 மீட்டர். மேலே போகப் போக இலேசான எரிமலைக் கல்லைக் கான்கிரீட்டில் கலந்ததால்தான் அது நிற்கிறது. உச்சித் துளை திறந்தே இருக்கும். மழை பெய்தால் ஓடிப்போய்ப் பாருங்கள். தரையில் வடிகால் துளைகளும் உண்டு. பக்கத்திலேயே சான் லூயிஜி தேய் ஃப்ரான்செஸி ஆலயத்தில் ஓவியர் கரவாஜியோவின் மூன்று படைப்புகளை இலவசமாகப் பார்க்கலாம். மதியம் மூடிவிடுவார்கள்.

கேள்வி: பஸ், மெட்ரோ?

ஒரு டிக்கெட் ஒன்றரை யூரோ, 100 நிமிடம். பஸ் மாறலாம், மெட்ரோ ஒரு முறைதான். காகித டிக்கெட்டை பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரையிடாவிட்டால் அபராதம். வங்கி அட்டையைத் தட்டியும் போகலாம், ஆனால் ஆளுக்கொரு அட்டை வேண்டும். முக்கிய ரயில் நிலையமான டெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64-ஆம் எண் பஸ் பிக்பாக்கெட்டுக்குப் பேர்போனது.

கேள்வி: நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

தாராளமாக. மரினாரா பீட்சாவில் சீஸ்கூட இல்லை, தக்காளியும் பூண்டும்தான். துண்டு பீட்சாக் கடையில் எவ்வளவு அகலம் என்று கையால் காட்டினால் வெட்டி, எடைபோட்டுத் தருவார்கள். ஏமாற்றுபவை வேறு: அமாத்ரிச்சானா பாஸ்தா வெறும் தக்காளிச் சாறு போலத் தெரியும், உள்ளே பன்றிக் கன்னக்கறி. பொரித்த பூசணிப்பூவுக்குள் நெத்திலி வகை மீன் வைப்பது வழக்கம். மிளகும் சீஸும் மட்டும் சேர்ந்த காச்சோ எ பெப்பே சரிதான், ஆனால் அந்தப் பெக்கோரினோ சீஸை உறையவைப்பது ஆட்டுக்குட்டி இரைப்பை நொதி. அதையும் விலக்குபவர்கள் எண்ணெயும் பூண்டும் சேர்த்த ஸ்பகெட்டி கேளுங்கள்.