ஸ்மார்ட் போர்டு வந்து ஒரு வருடமாகிவிட்டது. பேராசிரியர்கள் அதைப் பயன்படுத்த நான் எப்படி உதவலாம்?

கேட்டவர் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் கணினித் துறை உதவிப் பேராசிரியர். எட்டு வகுப்பறைகளில் ஸ்மார்ட் போர்டு மாட்டி ஒரு வருடம் ஆகியும் யாரும் தொடவில்லையாம். இவரைப் பொறுப்பாளராகப் போட்டு, மூன்று நாள் பயிற்சி முகாம் நடத்தச் சொல்லியிருக்கிறார்கள். எந்தெந்தச் செயலிகளைச் சொல்லிக்கொடுக்கலாம் என்று கேட்கிறார்.

முடிந்தால் அந்த முகாமை அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவையுங்கள். இந்த ஒரு மாதம் வேறு எதுவும் வேண்டாம். அனுமதி கேட்டுக்கொண்டு ஐந்தாறு பேருடைய வகுப்பில் போய்க் கடைசி பெஞ்சில் உட்காருங்கள். இதே பொறுப்பில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதல் வருடமே இதைச் செய்திருக்க வேண்டும் என்று இன்றும் நினைக்கிறேன்.

நான் செய்தது முகாம்தான். நாற்பது பேரைக் கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்து மூன்று நாளில் பதினோரு செயலிகளைக் காட்டினேன். எல்லோரும் ஆர்வமாகத்தான் கற்றுக்கொண்டார்கள். சான்றிதழ் கொடுத்தோம், குரூப் போட்டோ எடுத்தோம். செமஸ்டர் முடிவில் துறை துறையாகப் போய் விசாரித்தேன். இரண்டே பேர்தான் எதையாவது பயன்படுத்தியிருந்தார்கள். அந்த இருவரும் முகாமுக்கு முன்பிருந்தே பயன்படுத்தி வந்தவர்கள்.

இதைவிட என் மனதை உறுத்துவது இன்னொன்று. வரலாற்றுத் துறையில் ஒரு மூத்த பேராசிரியர் இருந்தார். குறிப்பு எதுவும் இல்லாமல் ஒரு மணி நேரம் பேசுவார், பின்வரிசைப் பையன்கூட அசையமாட்டான். முகாமில் கற்றதை நம்பி, ஒருநாள் பழைய நிலப்படங்களைக் காட்டலாம் என்று வகுப்புக்குப் போயிருக்கிறார். போர்டு பாஸ்வேர்டு கேட்டது. முந்தின வாரம் அதை மாற்றியிருந்தார்கள், அவரிடம் யாரும் சொல்லவில்லை. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருக்கக் கால் மணி நேரம் போராடிவிட்டு, சாக்பீஸை எடுத்துக்கொண்டார். ஓய்வு பெறும் வரை அந்தப் போர்டின் பக்கம் அவர் திரும்பவில்லை. தவறு முழுக்க எங்கள் பக்கம்தான். முகாமோடு என் வேலை முடிந்தது என்று நினைத்தேன். அவருக்கு நான் தேவைப்பட்டது அந்தக் கால் மணி நேரத்தில்.

“நம்ம ஸ்டாஃபுக்குப் புதுசா எதுவும் பிடிக்காது” என்று நிர்வாகக் கூட்டங்களில் பேசுவார்கள். நீங்களும் கேட்டிருப்பீர்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அதே பேராசிரியர்கள்தான் மதிப்பெண் பட்டியலைக் கணினியில் ஏற்றுகிறார்கள், கரன்ட் பில்லைக் கைபேசியிலேயே கட்டுகிறார்கள். கருவியைக் கண்டு அவர்களுக்குப் பயம் இல்லை. மாணவர்கள் முன்னால் தடுமாறி நிற்பதை நினைத்துத்தான் தயங்குகிறார்கள். அது நியாயமான தயக்கம். உங்கள் உதவி அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சரி, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எதைப் பார்ப்பது? பாடம் எந்த இடத்தில் சிக்குகிறது என்று பாருங்கள். எல்லா வகுப்பிலும் அப்படி ஓர் இடம் வரும். பேனாக்கள் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் கண்கள் வெறுமையாகிவிடும். ஆசிரியர் “புரியுதா?” என்பார், “புரியுது மேம்” என்று முன்வரிசை சொல்லும். அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது, “மேம், வருஷா வருஷம் எந்த இடத்துல பசங்க தப்பு பண்றாங்க?” என்று அவரிடமே கேளுங்கள். இருபது வருடம் பாடம் நடத்தியவருக்கு அது அத்துப்படி. இதுவரை யாரும் அவரிடம் கேட்டிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கள் இயற்பியல் மேடம் சொன்னது மின்சுற்று. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக ஒரு பேட்டரியுடன் இணைத்தால் எது அதிகப் பிரகாசமாக எரியும் என்று கேட்டால், மின்னோட்டம் முதலில் போய்ச் சேரும் பல்புதான் என்பார்களாம். வழியிலேயே மின்னோட்டம் கொஞ்சம் ‘செலவாகிவிடும்’ என்பது அவர்கள் மனதில் உள்ள படம். உண்மையில் இரண்டும் ஒரே பிரகாசத்தில்தான் எரியும். பிளஸ் டூவில் ஓம் விதிக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியவர்களும் இதையே சொல்கிறார்கள். சூத்திரம் தெரியும், சுற்றுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாது.

இந்த ஓர் இடத்துக்காக மட்டும் இரண்டு விஷயங்களைக் கொண்டுபோனேன். முதலாவது, பிளிக்கர்ஸ் என்ற செயலியின் அட்டைகள். ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை, அதில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம். அட்டையை எந்தப் பக்கம் மேலே இருக்கும்படி பிடிக்கிறார்கள் என்பதுதான் விடை, நான்கு பக்கத்துக்கு நான்கு விடைகள். ஆசிரியர் தன் கைபேசிக் கேமராவை வகுப்பின் குறுக்கே ஒருமுறை நகர்த்தினால் எல்லா விடையும் பதிவாகிவிடும். மாணவரிடம் கைபேசி தேவையில்லை, டேட்டா தேவையில்லை. ஒருவருடைய அட்டை போல இன்னொருவருடையது இருக்காது. அதனால் பக்கத்தில் இருப்பவர் எதைக் காட்டுகிறார் என்று கண்டுபிடிக்க முடியாது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று வகுப்பில் பார்த்தால்தான் தெரியும்.

இரண்டாவது, ஃபெட் என்ற இணையதளத்தின் மின்சுற்று உருவகம், அதாவது திரையிலேயே சுற்றை இணைத்து ஓடவிட்டுப் பார்க்கும் சிமுலேஷன். கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-இல் இந்தத் தளத்தைத் தொடங்கியவர் கார்ல் வீமன், 2001-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றவர். இலவசம். கோப்பாக இறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் ஓடும், நம் வகுப்பறைகளுக்கு அது முக்கியம்.

அந்த வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். மேடம் கேள்வியைப் போட்டார், பேசாமல் விடை காட்டச் சொன்னார். சரியாகச் சொன்னவர்கள் பாதிக்கும் குறைவு. அவர் விடையைச் சொல்லவில்லை. “பக்கத்துல வேற விடை காட்டினவங்க யாருன்னு கேளுங்க, அவங்களை ஒத்துக்க வைங்க” என்றார். மூன்று நிமிடம் வகுப்பு ஒரே சத்தம். மறுபடி விடை காட்டினார்கள், இந்த முறை பெரும்பாலானவர்கள் சரியாகச் சொன்னார்கள். அதற்குப் பிறகுதான் உருவகத்தை ஓடவிட்டார். முதல் பல்புக்கு முன்னும் பின்னும் எலக்ட்ரான்கள் ஒரே வேகத்தில் நகர்வதைத் திரையில் பார்த்ததும் ஒரு பெண், “அப்ப எதுவும் குறையவே இல்லையா மேம்?” என்று கேட்டாள். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேள்வி வருவதற்காக அவர் எத்தனையோ வருடமாகக் காத்திருந்தார்.

இந்தக் கற்பித்தல் முறை என் கண்டுபிடிப்பு இல்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் 1991-இல் இப்படிப் பாடம் நடத்தத் தொடங்கினார். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் திரும்ப நடத்து, 70-க்கு மேலே இருந்தால் அடுத்த பகுதிக்குப் போ, இடையில் இருந்தால் பேசவிடு என்பது அவர் வைத்திருக்கும் கணக்கு. இதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம். கனடாவில் நதானியேல் லாஸ்ரி என்பவர் மின்னணு கிளிக்கர் (பொத்தானை அழுத்தி விடை சொல்லும் கருவி) வைத்திருந்த வகுப்பையும் வெறும் அட்டை வைத்திருந்த வகுப்பையும் ஒப்பிட்டு 2008-இல் எழுதினார். மாணவர்கள் கற்றதில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கேள்விதான் வேலை செய்கிறது.

ஆகவே உங்கள் நேரத்தில் பெரும்பகுதியைக் கேள்வி தயாரிக்க உதவுவதில் செலவிடுங்கள். கேள்வியோடு கொடுக்க வேண்டிய தவறான விடைகளை எங்கிருந்து எடுப்பது என்று கேட்பார்கள். இப்போது பலர் சாட்ஜிபிடியிடம் கேட்டு வாங்குகிறார்கள், பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் போன செமஸ்டர் விடைத்தாள் கட்டு பீரோவில் தூங்குகிறதே, அதைவிட நல்ல இடம் இல்லை. நம் பிள்ளைகள் உண்மையில் எழுதிய தவறுகள் அதில் இருக்கின்றன. மேடமும் நானும் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து முப்பது விடைத்தாள்களிலிருந்து பதினான்கு கேள்விகள் எடுத்தோம். ஒரு செமஸ்டருக்கு அது தாராளம்.

அடுத்தது, முதல் மூன்று வகுப்புகளுக்கு நீங்கள் கூடவே இருக்க வேண்டும். பத்து நிமிடம் முன்னால் போய்ப் போர்டை ஆன் செய்து வையுங்கள். பையில் ஒரு எச்.டி.எம்.ஐ. கேபிள், ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், பென் டிரைவில் அன்றைய கோப்பு. இணையம் போனால் உங்கள் கைபேசி ஹாட்ஸ்பாட். கரன்டே போனால் அதே கேள்வியைக் கரும்பலகையில் எழுதிக் கை தூக்கச் சொல்லலாம் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். அந்தக் கடைசி வழி இருக்கிறது என்று தெரிந்தாலே அவர்கள் முகம் தெளிந்துவிடும். நான்காவது வகுப்புக்கு உங்களைக் கூப்பிடமாட்டார்கள்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். புதுமுறையில் நடத்தினால் மாணவர்கள் ஆரம்பத்தில் குறை சொல்வார்கள். “மேம் நடத்தவே மாட்டேங்கிறாங்க, எங்களையே பேச சொல்றாங்க” என்று எச்.ஓ.டி. (துறைத் தலைவர்) வரை போகும். 2019-இல் ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் இதையே ஆராய்ந்தார்கள். விவாதித்துக் கற்ற மாணவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள், ஆனால் விரிவுரை கேட்ட மாணவர்களைவிடக் குறைவாகக் கற்றதாகத் தாங்களே நினைத்துக்கொண்டார்கள். மூளை உழைத்த களைப்பு புரியாமை போலத் தோன்றுகிறது. இதைச் செமஸ்டரின் முதல் வாரமே மாணவர்களிடம் விளக்கிவிட வேண்டும். எச்.ஓ.டி.யிடமும் சொல்லிவிடுங்கள். அவரிடம் ஓர் எண்ணும் கொடுக்கலாம். ஸ்காட் ஃப்ரீமன் குழு 2014-இல் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் விரிவுரை மட்டும் கேட்ட வகுப்புகளில் தோல்வி 33.8 சதவீதம், மாணவர்களை ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8 சதவீதம்.

அறிவியல் பாடங்களுக்குச் சரி, மற்றவர்களுக்கு என்பீர்கள். எங்கள் தமிழ்த்துறை ஐயாவின் பிரச்சினை முற்றிலும் வேறு. இருபது வருடக் குறிப்புகள் எல்லாம் பாமினி எழுத்துருவில் இருந்தன. அந்த எழுத்துரு இல்லாத வகுப்பறைக் கணினியில் திறந்தால் புரியாத ஆங்கில எழுத்துகளாக வரும். அதனால் கணினியே தமிழுக்கு ஒத்துவராது என்று முடிவு செய்திருந்தார். எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே தெரிய உதவும் பொதுக் குறியீடான யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-இலேயே ஏற்றுவிட்டது, ஆனால் அந்தச் செய்தி அவருடைய கோப்புகளுக்கு வந்து சேரவில்லை. ஒரு மதியம் உட்கார்ந்து எல்லாவற்றையும் மாற்றிக் கொடுத்தேன், கைபேசியில் பேசினாலே தமிழில் எழுதும் என்று காட்டினேன். நான் செய்தது அவ்வளவுதான். அதற்கு மேல் போனது அவர்.

மதுரைத் திட்டம் என்று தன்னார்வலர்கள் 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றி வருகிறார்கள் இல்லையா, அதிலிருந்து குறுந்தொகையை எடுத்து மாணவர்களிடம் கொடுத்து, கடல் வரும் இடங்களை எல்லாம் தேடச் சொன்னார். ‘கடல்’ என்று தட்டித் தேடினால் ‘கடற்’ என்று வருவது சிக்காது, ‘கடலொடு’ என்று வருவதும் சிக்காது. பிள்ளைகள் விழித்தார்கள். “அப்ப அடுத்த சொல் என்ன எழுத்துல ஆரம்பிக்கும், இது எப்படித் திரியும்னு யோசிச்சுத் தேடுங்கப்பா” என்றார் ஐயா. மனப்பாடம் செய்து மறந்துபோகும் புணர்ச்சி விதிகள் அன்றைக்கு அவர்களுக்குத் தேவைப்பட்டன. இப்படி ஒரு பாடம் எனக்குத் தோன்றியிருக்காது. பாடம் தெரிந்தவருக்குத்தான் தோன்றும்.

வணிகவியலில் இதைவிட எளிது. புத்தகங்களை அடுக்கி அதன் மேல் கைபேசியை வைத்து, கீழே தாளில் கணக்குப் போடுவதைப் பதிவு செய்யச் சொல்லிக் கொடுத்தேன். ஆறு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம் என்றேன். எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் வீடியோ பார்த்தவர்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டு ஆய்விலும், ஆறு நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்கள்தான் அதிகம் பார்க்கப்பட்டன.

அப்புறம் அந்த ஸ்மார்ட் போர்டு. அதில் எழுதுவதை அப்படியே பி.டி.எஃப். ஆக்கி வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடலாம். வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கும் பிள்ளைகள் வகுப்பைத் தவறவிட்டால் அதுதான் அவர்களுக்கு நோட்டு. பல பேராசிரியர்களுக்கு இந்த ஒன்றே போதும். அதற்கு மேல் தள்ளாதீர்கள். கல்லூரிகளைத் தர மதிப்பீடு செய்யும் நாக் குழு வரும் நேரத்தில் நிர்வாகம் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணிக்கை கேட்கும், கொடுங்கள். நீங்களாக ஒரு நோட்டில் வேறொன்றை எழுதி வையுங்கள்: எந்தப் பாடத்தில் எந்தச் சிக்கல், என்ன செய்து பார்த்தோம், மாணவர்கள் என்ன கேட்டார்கள்.

நிர்வாகத்திடம் ஒன்றை மட்டும் அழுத்திக் கேளுங்கள்: நேரம். கௌரவ விரிவுரையாளர்கள் குறைந்த சம்பளத்தில் அதிக வகுப்புகள் எடுக்கிறார்கள். புதிதாக ஒன்றைத் தயாரிக்க அவர்களுக்கு எந்த நேரம் மிஞ்சும்? வாரம் ஒரு பீரியட் விடுவித்துக் கொடுத்தால்கூடப் போதும். மேலே சொன்ன வீமன் கொலராடோவிலும், பிறகு பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் அறிவியல் துறைகளை மாற்றியபோது, அந்தந்தப் பாடம் படித்தவர்களையே துறைக்குள் உட்காரவைத்து, ஒவ்வொரு பேராசிரியருடனும் தனித்தனியாக வேலை செய்ய வைத்தார். நமக்கு அவ்வளவு ஆள்பலம் கிடையாது. ஆனால் ஒரு துறைக்கு ஒரு செமஸ்டர் என்று நீங்கள் ஒருவரே போகலாம்.

முதலில் யாரிடம் போவது? தொழில்நுட்பத்தில் ஆர்வமுள்ள இளைஞரிடம் போகத் தோன்றும். ஸ்டாஃப் ரூமில் யார் பேசினால் மற்றவர்கள் காது கொடுக்கிறார்களோ, அவரிடம் போங்கள். எங்கள் இயற்பியல் மேடம் அப்படிப்பட்டவர். அடுத்த செமஸ்டரில் ஒருநாள் கல்லூரி வாசலில் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் அதே கறுப்புக் கட்ட அட்டைகளைக் கெட்டித் தாளில் அச்சடித்துக்கொண்டிருந்தார். லேமினேஷன் போடாதீர்கள், பளபளத்தால் கேமராவுக்குத் தெரியாது என்று சொல்லப் போனேன். “அந்த இயற்பியல் மேடமே சொல்லிட்டாங்க சார்” என்றார். வேதியியல் துறைக்காம். என்னிடம் யாரும் கேட்கவே இல்லை.