இம்பிளான்ட்டுக்கு கம்ப்யூட்டர் பிளான் அவசியமா?

கேள்வி: கீழ்த்தாடையில ஒரு கடைவாய்ப்பல் எடுத்தாச்சு. இம்பிளான்ட் வைக்கணும்னா முதல்ல ஸ்கேன், அப்புறம் கம்ப்யூட்டர்ல பிளான், அதை வச்சு ஒரு கைடு பிரிண்ட் எடுத்துதான் பண்ணுவேன்னு டாக்டர் சொல்றாரு. இது தேவைதானா, இல்ல பில்லை ஏத்துற வேலையா? எலும்புல ஓட்டை போடுறதும் கம்ப்யூட்டரேவா?

பதில்: பயப்படாதீங்க, டிரில் டாக்டர் கையிலதான் இருக்கும். அது எங்க இறங்கணும், எவ்வளவு ஆழம், எந்தப் பக்கம் சாயணும்னு முன்கூட்டியே முடிவு பண்றதுக்குத்தான் இவ்வளவும். கோன் பீம் சிடிங்கற எக்ஸ்ரே ஸ்கேன் எலும்பைக் காட்டும், வாய்க்குள்ள எடுக்குற ஸ்கேன் பல்லையும் ஈறையும் காட்டும், ரெண்டையும் சாஃப்ட்வேர்ல ஒன்னுமேல ஒன்னு பொருத்தி, வரப்போற பல்லை முதல்ல வரைஞ்சுட்டு அதுக்கு ஏத்த மாதிரி ஸ்க்ரூவை (அதுதான் இம்பிளான்ட், எலும்புக்குள்ள வேர் மாதிரி நிக்கும்) கீழ வைப்பாங்க. அந்தப் பிளான்படி டிரில் போக ஓட்டை விட்டு, பல்லுமேல மாட்டுற மாதிரி பிரிண்ட் எடுக்குற அச்சுதான் கைடு. எலும்பு இருக்குற இடத்துல ஸ்க்ரூவை இறக்கிட்டு அப்புறம் பல்லை எப்படி கட்டுறதுன்னு முழிச்சதெல்லாம் ஒரு காலம்.

உங்களுக்கு கீழ்த்தாடை, கடைவாய்ங்கறதால இன்னொன்னும் இருக்கு. அங்க எலும்புக்குள்ள ஒரு நரம்பு ஓடுது, அதுல பட்டா உதடும் தாடையும் மரத்துப் போகும், சிலருக்கு அது சரியாகாமலே போயிடும். அதான் ஸ்க்ரூவோட நுனிக்கும் நரம்புக்கும் நடுவுல குறைஞ்சது 2 மில்லிமீட்டர் விடுவாங்க. கைடு வச்சாலும் சராசரியா ஒரு மில்லிமீட்டர் அங்க இங்க விலகத்தான் செய்யும், ஸ்க்ரீன்ல பளபளன்னு தெரியுதேன்னு இடைவெளியை சுருக்குறது தப்பு. பக்கத்துப் பல்லுல மெட்டல் கேப் இருந்தா ஸ்கேன்ல கோடு கோடா விழும், பொருத்துறதுலயும் பிழை வரலாம். வாய்ல மாட்டினப்போ கைடு ஆடுச்சுன்னா அதை வச்சு டிரில் பண்ணவே கூடாது.

என்னைக் கேட்டா, எலும்பு நல்லா அகலமா இருந்து நரம்பும் தள்ளி இருந்தா அனுபவமுள்ள டாக்டர் கைடு இல்லாமலும் நல்லாவே வைப்பாரு, ஆனா நரம்பு கிட்ட இருந்தா செலவைப் பார்க்காதீங்க. பிளானை ஸ்க்ரீன்ல காட்டச் சொல்லி நரம்பு எங்கன்னு கேளுங்க, தயங்காம காட்டணும். ஆங், வாய் ரொம்ப திறக்க முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க, கைடுக்குள்ள போற டிரில் கொஞ்சம் நீளம், கடைவாய்ல இடம் பத்தாம போயிடும்.

கேள்வி: கைடு வச்சு பண்ணா தையலே இல்லாம அன்னைக்கே பல் கிடைச்சிடுமாமே?

பதில்: எலும்பும் ஈறும் போதுமான அளவு இருந்தா ஈறைக் கிழிக்காம பண்ணலாம், வீக்கம் கம்மியா இருக்கும். ஆனா எலும்பு ஸ்க்ரூவைப் பிடிக்க அதுக்கான நாள் ஆகத்தான் செய்யும், பொதுவா ரெண்டு மூணு மாசத்துலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும், கம்ப்யூட்டர் அதை வேகப்படுத்தாது. ஸ்க்ரூ ஆரம்பத்துலயே இறுக்கமா நின்னா சிலருக்கு தற்காலிகமா ஒரு பல் வைப்பாங்க, அதுவும் பெரும்பாலும் முன்பல்லுக்குத்தான், அதுல கடிக்க விட மாட்டாங்க.