கிரீன்ஹவுஸுக்கு ஹீட்டர் வாங்கும் முன்

அக்டோபர் பிறந்துவிட்டால் இங்கிலாந்திலிருந்தும் கனடாவிலிருந்தும் ஒரே மாதிரிக் கடிதங்கள் வரத் தொடங்கும். கோடையில் ஆசையாக வளர்த்த செடிகளைப் பனியிலிருந்து எப்படிக் காப்பது, எந்த ஹீட்டரை வாங்குவது என்பதுதான் கேள்வி. இந்த முறை ஊட்டியிலிருந்தும் ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். எல்லாருக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி (ஹாரோ, லண்டன்): எங்கள் பின்வளவில் 6 அடிக்கு 8 அடியில் ஒரு கண்ணாடி கிரீன்ஹவுஸ் இருக்கிறது. உள்ளே ஒரு எலுமிச்சை, இரண்டு மல்லிகை, ஒரு கறிவேப்பிலை. கடையில் 2 கிலோவாட் மின் ஹீட்டரும் இருக்கிறது, மண்ணெண்ணெய் ஹீட்டரும் இருக்கிறது. மண்ணெண்ணெய்தான் மலிவு என்கிறார்கள். எதை வாங்கலாம்?

பதில்: மின் ஹீட்டர்தான். மண்ணெண்ணெய் ஹீட்டர் வாங்கும்போது மலிவாகத்தான் தெரியும். ஆனால் ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஒரு லிட்டருக்கும் சற்று அதிகமான தண்ணீர் ஆவியாக வெளியேறும். அது முழுவதும் கண்ணாடியிலும் இலையிலும் போய்ப் படியும். ஏற்கெனவே ஈரமான லண்டன் குளிரில் சாம்பல் பூசணம் பிடிக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. சரியாக எரியாத சுடரிலிருந்து வரும் எத்திலீன் வாயு இலைகளை மஞ்சளாக்கி உதிர்க்கும், மொட்டையும் கொட்டவைக்கும்.

செடியைவிட முக்கியம் நீங்கள். மூடிய இடத்தில் சுடர் எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு சேரலாம். அதற்கு மணம் இல்லை, நிறம் இல்லை. காலையில் செடியைப் பார்க்கப் போகிறவருக்குத் தலைசுற்றும்போதுதான் தெரியும்; சில நேரம் அதுகூடத் தெரியாது. இதற்காகக் காற்றுத் திறப்பைத் திறந்து வைத்தால் காசு கொடுத்து வாங்கிய சூடு அந்த வழியாகவே போய்விடும். கேஸ் ஹீட்டருக்கும் இது அப்படியே பொருந்தும்.

ஆனால் மின் ஹீட்டரையும் இன்றே வாங்கிவிடாதீர்கள். முதலில் வாங்க வேண்டியது பபிள் ரேப். பார்சலில் சுற்றி வருவது வேண்டாம். தோட்டக் கடைகளில் பெரிய குமிழ்களுடன், வெயிலில் பொடிந்து போகாதபடி செய்து விற்கிறார்கள், அதைக் கேளுங்கள். அலுமினியச் சட்டத்தின் பள்ளத்தில் மாட்டுகிற சிறிய பிளாஸ்டிக் கிளிப்புகளும் அங்கேயே கிடைக்கும். உடைந்த கண்ணாடி, கதவு இடுக்கு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு உள்பக்கமாக ஒட்டுங்கள். கூரைத் திறப்பை மட்டும் தனித் துண்டாக மூடுங்கள், தேவைப்படும்போது திறக்க முடிய வேண்டும்.

இது ஏன் முதலில் என்பதற்கு ஒரு சிறு கணக்கு. உங்கள் அளவுள்ள கிரீன்ஹவுஸில் கண்ணாடிப் பரப்பு சுமார் 17 சதுர மீட்டர் வரும். ஒற்றைக் கண்ணாடி ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு சதுர மீட்டர் வழியாக ஏறக்குறைய 6 வாட் சூட்டை வெளியே விடும். வெளியே மைனஸ் 3, உள்ளே 5 டிகிரி வேண்டும் என்றால் வித்தியாசம் 8 டிகிரி. பெருக்கிப் பாருங்கள், சுமார் 800 வாட். இடுக்குகளில் கசிவதையும் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோவாட். 12 மணி நேர இரவுக்கு 12 யூனிட். யூனிட் 25 பென்ஸ் என்று வைத்தால் ஓர் இரவுக்கு 3 பவுண்ட். பபிள் ரேப் ஒழுங்காகப் போட்டால் இதில் மூன்றில் ஒரு பங்காவது மிச்சமாகும். ஹீட்டர் எத்தனை நல்லதாக இருந்தாலும் இந்த மிச்சத்தைத் தராது.

அடுத்தது, எத்தனை டிகிரி வைப்பது என்ற முடிவு. செலவு இதில்தான் ஏறி இறங்குகிறது. வெளியே 3 டிகிரி உள்ள சாதாரண இரவில் உள்ளே 5 டிகிரி போதும் என்றால் 2 டிகிரிக்குத்தான் சூடேற்றுகிறீர்கள். 10 டிகிரி வேண்டும் என்றால் 7 டிகிரிக்கு. அதாவது செலவு மூன்றரை மடங்கு! எலுமிச்சைக்கு உறைபனி படாமல் 5 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும். மல்லிகையும் கறிவேப்பிலையும் அப்படி இல்லை. 10 டிகிரிக்குக் கீழே நாள்கணக்கில் இருந்தால் கறிவேப்பிலை இலையைக் கொட்டிவிடும், வேர் ஈரமாகவும் இருந்தால் அழுகிவிடும். அந்த மூன்று தொட்டிகளுக்காக முழுக் கூட்டையும் சூடாக்க வேண்டாம். வீட்டுக்குள் வெயில் படும் ஜன்னலோரம் கொண்டுவந்து, தண்ணீரைக் குறைத்துவிடுங்கள். கிரீன்ஹவுஸ் எலுமிச்சைக்கு மட்டும் இருக்கட்டும்.

அப்புறம் ஹீட்டர். தெர்மோஸ்டாட் உள்ள, காற்றாடி வைத்த, கிரீன்ஹவுஸுக்கென்றே செய்த மாடலை வாங்குங்கள். உடம்பில் ஐபிஎக்ஸ்4 என்று இருக்க வேண்டும். எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும் என்பதற்கான குறி அது. படுக்கையறை ஹீட்டரில் இது இருக்காது, அதைக் கொண்டுபோய் வைக்கவே கூடாது. ஈரத் தரையில் வைக்காமல் ஒரு சிமெண்ட் பலகை மேல் உறுதியாக வையுங்கள். இலையும் பபிள் ரேப்பும் அதன் முன்னால் வரக் கூடாது, பிளாஸ்டிக் உருகித் தீப்பிடிக்கும். தெர்மோஸ்டாட்டில் பெரும்பாலும் எண்கள் மட்டுமே இருக்கும், டிகிரி இருக்காது. ஆகவே குறைந்த அளவையும் கூடிய அளவையும் பதிவு செய்கிற ஒரு தெர்மாமீட்டரைச் செடி உயரத்தில் தொங்கவிட்டு, இரவு எதுவரை இறங்கியது என்று பார்த்துத் திருகை நகர்த்துங்கள்.

கேள்வி (லெஸ்டர்): கிரீன்ஹவுஸில் பிளக் பாயின்ட் இல்லை. சமையலறை ஜன்னல் வழியாகச் சுருள் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை இழுத்து ஹீட்டரைப் போடலாமா? இரண்டு மூன்று மாதத்துக்குத்தானே.

பதில்: இரண்டு மூன்று மாதம் என்பது இரவெல்லாம், மழையிலும் பனியிலும், யாரும் பார்க்காதபோது. வேண்டாம். சுருள் வயரில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள்: முழுதாகப் பிரித்துவிட்டால் ஒரு அளவு, சுருட்டியபடியே இருந்தால் அதைவிட மிகக் குறைந்த ஓர் அளவு. பல சுருள்களில் சுருட்டிய நிலைக்கு ஆயிரம் வாட்டைக்கூடத் தர மாட்டார்கள். அதில் 2 கிலோவாட் ஹீட்டரை இரவு முழுக்க ஓட்டினால் உள்சுற்றுகள் சூடேறி உருகும். இணைப்பு முனை புல்லில் கிடந்தால் ஈரம் வேறு.

பதிவுபெற்ற எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டு, பூமிக்கடியில் உலோகக் கவசமுள்ள கேபிள் போட்டு, வெளிப்புறப் பெட்டியுள்ள பிளக் பாயின்ட் வைத்துக்கொள்ளுங்கள். அந்த லைன் 30 மில்லியாம்ப் ஆர்சிடி பாதுகாப்புக்குள் வர வேண்டும். மின்சாரம் எங்காவது கசிந்தால், ஆளைக் கொல்லும் முன் நொடிக்கும் குறைவான நேரத்தில் துண்டிப்பது அதுதான். இங்கிலாந்தில் இதற்காகப் புதிய சர்க்யூட் இழுத்தால் கட்டட விதிகளின்படி அறிவிக்க வேண்டும். என்ஐசிஇஐசி (NICEIC), நாபிட் (NAPIT) போன்ற எலக்ட்ரிஷியன் பதிவு அமைப்புகளில் பதிவு செய்தவர் அதையும் செய்து சான்றிதழும் தருவார். வீட்டை விற்கும்போது அந்தத் தாளைக் கேட்பார்கள்.

இந்தச் செலவு அதிகம் என்று தோன்றினால், நாற்றுகள் மட்டும்தான் என்றால், வீட்டுக்குள்ளேயே ஒரு சூடேற்றும் நாற்றுப்பெட்டி வைத்துக்கொள்ளலாம். சில பத்து வாட்தான் எடுக்கும். மிளகாய், கத்தரி விதைகளுக்கு அதுவே தாராளம்.

கேள்வி (குரோய்டன்): மண்சட்டிக்கு அடியில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தால் கிரீன்ஹவுஸ் சூடாகும் என்று வீடியோக்களில் காட்டுகிறார்களே?

பதில்: ஒரு சின்ன மெழுகுவர்த்தி தருவது சுமார் 30, 40 வாட். சட்டி அதைக் கூட்டாது, ஓரிடத்தில் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். மேலே சொன்ன கணக்கில் 800 வாட்டுக்கு இருபதுக்கு மேல் வேண்டும். சட்டி வெடிக்கும், நெருக்கி வைத்த மெழுகு மொத்தமாகத் தீப்பற்றும். யாரும் இல்லாத இடத்தில் சுடரை விட்டுவிட்டு உறங்கப் போகக் கூடாது. இதே கணக்கில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: "பாதி மின்சாரத்தில் இரட்டிப்புச் சூடு" என்று விற்கும் குட்டி ஹீட்டர்களை நம்பாதீர்கள். சாதாரண மின் ஹீட்டர் எதுவானாலும் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் சூடுதான் தரும். மிச்சம் வருவது தெர்மோஸ்டாட்டாலும் மூடிய இடுக்குகளாலும்தான்.

கேள்வி (ஈஸ்ட் ஹாம்): இணையச் சந்தை ஒன்றில் 24 பவுண்டுக்கு ஹீட்டர் வாங்கினேன். பத்து நாளில் பிளக் கருகிவிட்டது. விற்றவர் வேறு நாட்டில் இருக்கிறார், பதிலே இல்லை. பிளக்கை மட்டும் மாற்றிப் பயன்படுத்தலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். பிளக் கருகியது வெளியே தெரிகிறது. உள்ளே வயர் என்ன தடிமன் என்பது தெரியாது. படம் எடுத்து வையுங்கள், ஹீட்டரை எறியாதீர்கள், அதுதான் உங்கள் சாட்சி. பிரிட்டனில் விற்கும் பிளக்கில் பிஎஸ் 1363 என்ற எண்ணும் உள்ளே ஃபியூஸும் இருக்க வேண்டும். இல்லையென்றால் அந்தப் பொருளை இங்கே விற்றதே தவறு.

கடையாகத் தொழில் செய்கிறவரிடம் வாங்கியிருந்தால், 2015 ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி 30 நாளுக்குள் பழுதான பொருளைத் திருப்பி முழுப் பணத்தையும் கேட்கலாம். உங்களுக்குப் பத்து நாள்தான் ஆகிறது, ஆகவே இன்றே எழுத்தில் கேளுங்கள். அதைச் சந்தைத் தளத்தின் புகார்ப் பக்கம் வழியாகவே கேளுங்கள், தனி மின்னஞ்சலில் வேண்டாம். அங்கும் அசையவில்லை என்றால், கார்டில் கட்டியிருந்தால் வங்கியிடம் சார்ஜ்பேக் கேளுங்கள், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கியே திருப்பி வாங்கித் தருவது. நுகர்வோர் கடன் சட்டத்தில் கிரெடிட் கார்டுக்குள்ள 75 ஆம் பிரிவுப் பாதுகாப்பு 100 பவுண்டுக்கு மேற்பட்ட பொருளுக்குத்தான், 24 பவுண்டுக்கு அது வராது. தனி ஆள் பயன்படுத்திவிட்டு விற்றதாக இருந்தால் உரிமை இன்னும் சுருங்கிவிடும். அதனால்தான் ஹீட்டரை மட்டும் பழசாக வாங்காதீர்கள் என்று சொல்கிறேன். எலக்ட்ரிக்கல் சேஃப்டி ஃபர்ஸ்ட் அமைப்பின் தளத்தில் திரும்பப் பெறப்பட்ட பொருள்களைத் தேடலாம், உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ, கனடா): பாலிகார்பனேட் கிரீன்ஹவுஸ் வாங்கியிருக்கிறேன். முருங்கையையும் கறிவேப்பிலையையும் ஜனவரியிலும் அதிலேயே வைக்க எந்த ஹீட்டர் நல்லது?

பதில்: எந்த ஹீட்டரும் வேண்டாம் என்பதுதான் என் பதில். வெளியே மைனஸ் 15, உள்ளே 10 என்றால் வித்தியாசம் 25 டிகிரி. ஒற்றைக் கண்ணாடியைவிடப் பாலிகார்பனேட் நன்றாகத் தாங்கும், ஆனாலும் ஹாரோ கிரீன்ஹவுஸின் அளவுக்கே 1,600 வாட்டுக்கு மேல் ஓயாமல் வேண்டும். உங்கள் 120 வோல்ட் பிளக்கில் போடும் ஹீட்டர்கள் 1,500 வாட்டோடு நின்றுவிடும். ஒரு நாளுக்கு 36 யூனிட் எரித்தும் அந்த இரவில் போதாது. நடுவில் மின்சாரம் இரண்டு மணி நேரம் நின்றால் இரண்டு செடியும் போய்விடும்.

முருங்கையைக் கவாத்து செய்து, இலை உதிர்ந்தாலும் கவலைப்படாமல் அடித்தளத்தில் உறைபனி படாமல் வையுங்கள். தண்ணீர் மிகக் குறைவாக. கறிவேப்பிலைக்குத் தெற்கு ஜன்னல் போதும். ஏப்ரலில் நாற்று வளர்க்க கிரீன்ஹவுஸைத் திறங்கள். மே நடுப்பகுதி வரை உறைபனிக்கு வாய்ப்பு உண்டு, அந்தச் சில இரவுகளுக்கு ஒரு ஹீட்டர் தாங்கும். அதையும் சிஎஸ்ஏ என்ற கனடியப் பாதுகாப்பு முத்திரை பார்த்து வாங்கி, மின்சாரம் கசிந்தால் துண்டிக்கும் ஜிஎஃப்சிஐ உள்ள வெளிப்புற அவுட்லெட்டில்தான் செருக வேண்டும்.

கேள்வி (ஊட்டி): வீட்டுக்குப் பின்னால் சின்னப் பாலிஹவுஸில் கீரையும் லெட்டூஸும் போட்டிருக்கிறோம். ஜனவரியில் உறைபனி விழும் இரவுகளில் உள்ளே கரி அடுப்பு வைக்கலாம் என்று பக்கத்தில் சொல்கிறார்கள். செய்யலாமா ஐயா?

பதில்: கரி அடுப்பு கூடவே கூடாது. தணலாக எரியும் கரியிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு மண்ணெண்ணெய்ச் சுடரைவிட அதிகமாக வரும். கொடைக்கானலில் குளிருக்குக் கரி மூட்டிய அறையில் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை. பாலிஹவுஸும் அடைத்த அறைதான். தணல் இருக்கிறதா என்று நள்ளிரவில் பார்க்கப் போவது நீங்களோ உங்கள் வீட்டுப் பிள்ளையோதான்.

உங்களுக்கு வேண்டியது இரண்டு மூன்று டிகிரிதான், அதற்கு நெருப்பே தேவையில்லை. மேகமில்லாத இரவில் தரையின் சூடு பாலித்தீன் ஷீட் வழியாக வானத்துக்கு நேராகப் போய்விடும், அதனால் சில நேரம் வெளியைவிட உள்ளேயே குளிர் அதிகமாக இருக்கும். அதைத் தடுக்கப் பாத்திமேல் இரண்டாவது மூடி வேண்டும். கிராப் கவர் என்று விற்கும் மெல்லிய வெள்ளைத் துணியை, 17 முதல் 25 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) வரை உள்ளதை வாங்கி, வளைத்த கம்பிகள்மேல் இலையில் படாமல் போர்த்துங்கள். சூரியன் மறையும் முன்பே பக்கத் திரைகளை இறக்கிவிட வேண்டும், இருட்டிய பிறகு இறக்கினால் பிடித்துவைக்கச் சூடு இருக்காது.

உங்களுக்கு லண்டன்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி, குளிர்காலத்திலும் பகலில் நல்ல வெயில். 200 லிட்டர் டிரம் ஒன்றுக்குக் கறுப்பு அடித்துத் தண்ணீர் நிரப்பி வெயில் படும் பக்கம் வையுங்கள். இரவில் அது 5 டிகிரி குளிர்ந்தாலே ஒரு யூனிட்டுக்கு மேற்பட்ட சூட்டை உள்ளே விடும். இரண்டு டிரம் என்றால் சின்னப் பாலிஹவுஸுக்கு வித்தியாசம் தெரியும். மாலையில் தண்ணீர் பாய்ச்சுவதைவிடக் காலை பத்து மணிக்குள் பாய்ச்சுங்கள். ஈர மண் பகல் சூட்டை வாங்கி வைக்கும், இலையும் இரவுக்குள் காய்ந்துவிடும்.