உங்கள் பெயரில் எத்தனை சிம்? பார்ப்பது எளிது, பட்டனை அழுத்துவதில்தான் கவனம்

கேள்வி: சாலையோரத்தில் குடை விரித்து சிம் விற்கும் குடைக் கடையில் புது சிம் வாங்கினேன். ‘ரேகை சரியா விழலை’ என்று இரண்டு முறை வைக்கச் சொன்னார்கள். என் ஆதாரில் வேறு யாராவது சிம் வாங்கியிருக்கிறார்களா என்று எப்படிப் பார்ப்பது? தெரியாத எண் இருந்தால் என்ன செய்வது? - வாசகி, திண்டுக்கல்

உங்கள் சந்தேகம் நியாயமானது. காகிதப் படிவத்தில் சிம் தரும் முறை 2024 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. ஜெராக்ஸ் பிரதியை வைத்து யாரோ சிம் வாங்கிய பழைய வழி அதோடு பெருமளவு அடைபட்டது. இப்போது கடையில் ஆதார் ரேகை முறையில் பிறர் பெயரில் சிம் எடுக்க வேண்டுமென்றால் அந்த ஆளின் கைரேகையும் நேரில் எடுத்த போட்டோவும் தேவை. அதனால்தான் ‘ரேகை விழலை’, ‘போட்டோ ஆடிப்போச்சு, கண்ணை ஒருமுறை சிமிட்டுங்க’ என்ற பேச்செல்லாம். முதல் ரேகையில் உங்கள் சிம், இரண்டாவதில் இன்னொரு சிம். எல்லாக் கடைக்காரர்களும் இப்படி என்று சொல்ல முடியாது. வயல் வேலை, பாத்திரம் தேய்ப்பது என்று ரேகை தேய்ந்தவர்களுக்கு உண்மையிலேயே விழாமல் போவதும் உண்டு.

பார்க்கும் வழி இது. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்துக்குப் போங்கள். முகவரி ‘டாட் கவ் டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். அதே பெயரில் செயலியும் இருக்கிறது. மக்கள் சேவைகள் பகுதியில் உங்கள் பெயரிலுள்ள மொபைல் இணைப்புகளை அறியும் பிரிவைத் திறந்து, மொபைல் எண்ணையும் கேப்சா எழுத்துகளையும் போட்டால் ஓடிபி வரும். அதைப் பதிந்ததும் பட்டியல் விரியும். கட்டணம் கிடையாது, ஆதார் எண்ணும் கேட்காது. ஆதார் எண்ணோ பணமோ கேட்டால் நீங்கள் வேறு ஏதோ தளத்தில் இருக்கிறீர்கள்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. எந்த எண்ணுக்கு ஓடிபி வாங்குகிறீர்களோ, அந்த எண் யார் பெயரில் இருக்கிறதோ அவருடைய பட்டியல்தான் வரும். கணவர் பெயரிலோ அப்பா பெயரிலோ வாங்கிய சிம்மை நீங்கள் பயன்படுத்தினால், அதில் நுழைந்து பார்ப்பது அவர்கள் பட்டியலை. ‘என் பேரில் ஏழு நம்பர் இருக்கு’ என்று பதறுகிறவர்களில் சிலர் வீட்டுப் பெரியவரின் பட்டியலைப் பார்த்துப் பதறுகிறவர்கள். உங்கள் ஆதாரைக் கொடுத்து, உங்கள் ரேகை வைத்து வாங்கிய எண்ணிலேயே நுழையுங்கள். உங்களுக்கு அந்தப் புது சிம்மே போதும்.

பட்டியலில் எண்களின் சில இலக்கங்கள் மறைக்கப்பட்டிருக்கும். தெரிகிற இலக்கங்களை வீட்டிலுள்ள எல்லா எண்களோடும் ஒப்பிடுங்கள். அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்த பட்டன் போன், கல்லூரிக்குப் போன மகனின் எண், டேட்டா கார்டு, ஏதோ சலுகைக்காக வாங்கி மறந்த இரண்டாவது சிம் எல்லாம் இதில் வரும். ஒப்பிட்டு முடித்ததும், எதையும் அழுத்துவதற்கு முன், தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று தேர்வுகள் இருக்கும்: ‘என் எண் அல்ல’, ‘தேவையில்லை’, ‘தேவை’. முதல் இரண்டும் ஒன்றுதான், எப்படியும் எண் போய்விடும் என்று நினைத்து எதையாவது அழுத்திவிடுகிறார்கள். அப்படியல்ல. ‘தேவையில்லை’ என்றால், ‘இது நான் வாங்கியதுதான், இனி வேண்டாம்’ என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். ‘என் எண் அல்ல’ என்றால் ‘நான் வாங்கவே இல்லை’ என்ற புகார். நாளைக்கு அந்த எண்ணிலிருந்து யாரையாவது ஏமாற்றியது தெரிந்து காவல்துறை உங்களைத் தேடி வந்தால், நீங்கள் முன்பே புகார் கொடுத்ததற்கு இந்தப் பதிவும் அதன் குறிப்பு எண்ணும் சான்று. ஆகவே தெரியாத எண்ணுக்கு ‘என் எண் அல்ல’ மட்டுமே. அந்தக் குறிப்பு எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். பிறகு அதே தளத்தில் நிலவரம் பார்க்க அது வேண்டும்.

அழுத்திய நொடியில் சிம் செத்துவிடாது. நிறுவனம் அந்த இணைப்பை மறு சரிபார்ப்புக்கு அனுப்பும், அதில் தேறாவிட்டால்தான் துண்டிக்கும். சில வாரங்கள் கழித்து மறுபடி பட்டியலைப் பாருங்கள். எண் அப்படியே இருந்தால், ஆதாரோடு அந்த நிறுவனத்தின் நேரடி ஷோரூமுக்குப் போய் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். குடைக் கடைக்குப் போவதில் பயன் இல்லை.

‘தேவையில்லை’யிலும் ஓர் ஆபத்து உண்டு. துண்டித்த எண், குறைந்தது 90 நாள் கழிந்தபின் வேறொருவருக்குப் போகலாம். அந்தப் பழைய எண் உங்கள் வங்கிக் கணக்கிலோ, கேஸ் இணைப்பிலோ, ஆதாரிலோ இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தால் ஓடிபி புது ஆளுக்குப் போகும். முதலில் அவற்றில் எண்ணை மாற்றிவிட்டு, பிறகு அழுத்துங்கள்.

எண்ணிக்கைக்கும் வரம்பு இருக்கிறது: ஒருவர் பெயரில் 9 இணைப்புகள், ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. ஏமாற்றியோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்குவது, 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறையோ 50 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கக்கூடிய குற்றம்.

கடையில் நடந்ததை உறுதிப்படுத்த இன்னொரு வழியும் உண்டு. ‘மைஆதார்’ தளத்தில் ஓடிபி மூலம் நுழைந்து, ஆதார் சரிபார்ப்பு வரலாற்றைப் பாருங்கள். கடந்த 6 மாதங்களில் உங்கள் ஆதார் எங்கெங்கே, எந்த முறையில் சரிபார்க்கப்பட்டது என்று தேதி, நேரத்தோடு இருக்கும். நீங்கள் சிம் வாங்கிய நாளுக்குப் போங்கள். காலை 11.42-க்கு ஒரு நிறுவனத்தின் பெயரில் ரேகைச் சரிபார்ப்பு வெற்றி, 11.49-க்கு வேறு நிறுவனத்தின் பெயரில் இன்னொரு வெற்றி என்று இருந்தால் விஷயம் தெளிவு. முதல் வரி தோல்வி, அடுத்தது வெற்றி என்றால் கடைக்காரர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஒரே நிறுவனத்தில் இரண்டு வெற்றி என்றால் சஞ்சார் சாத்தி பட்டியலோடு சேர்த்துப் பார்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

தெரியாத எண் உறுதியானால், ஸ்கிரீன்ஷாட், குறிப்பு எண், இந்தச் சரிபார்ப்பு விவரம் மூன்றையும் இணைத்து மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். பணம் பறிபோயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். இன்னொன்று: ‘டிராயிலிருந்து பேசுகிறோம், உங்கள் ஆதாரில் வாங்கிய சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது, இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும்’ என்று அழைப்பு வந்தால் வைத்துவிடுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் யாரையும் அப்படி அழைப்பதில்லை.

இனிமேல் நடக்காமலிருக்க, அதே மைஆதார் தளத்தில் கைரேகை, கண் கருவிழிப் பதிவைப் பூட்டிவைக்கலாம். பூட்டியபின் யார் எத்தனை முறை விரலை வைக்கச் சொன்னாலும் சரிபார்ப்பு நடக்காது. தொல்லை ஒன்று உண்டு: ரேஷன் கடை இயந்திரத்திலும் ரேகை விழாது. தற்காலிகமாகத் திறந்தால் 10 நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும். வரிசையில் உங்கள் முறை நெருங்கும்போது திறங்கள், வீட்டிலிருந்து கிளம்பும்போதே திறந்து வைக்காதீர்கள்.