வயிறாரச் சாப்பிட்டு ஆடட்டும்

அன்புள்ள அம்மா,

நடனத்தை நம்பி ஒரு பெண் பிழைக்க முடியுமா என்று நேற்று கேட்டீர்கள். அதற்கு வருகிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருந்தபோது என் கண் உங்கள் மகள் முன்னால் இருந்த தட்டிலேயே இருந்தது. ஒரு பிஸ்கட்டை எடுத்து நான்காக உடைத்தாள். ஒரு துண்டை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு, மீதி மூன்றையும் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்தாள். "சாயங்காலம் கிளாஸ் இருக்கு மேடம்" என்றாள். "அவ்வளவு கட்டுப்பாடு இவளுக்கு" என்று நீங்கள் பெருமைப்பட்டீர்கள். எனக்கு அங்கேதான் வயிற்றைப் பிசைந்தது.

மூன்று மணி நேரம் ஆடுகிற உடம்புக்கு அந்தக் கால் பிஸ்கட் எந்த மூலைக்கு? செலவுக்கு ஏற்ற சாப்பாடு வராவிட்டால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்திவைக்கும். இந்த நிலைக்கு 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 'ரெட்-எஸ்' என்று பெயர் வைத்தது. பையன்களுக்கும் இது வரும். பெண்களிடம் பெரும்பாலும் முதலில் நின்றுபோவது மாதவிடாய். அப்போது எலும்பைக் காக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைகிறது, எலும்பு பலமிழக்கிறது, கீழே விழாமலேயே பாதத்திலோ முழங்காலுக்குக் கீழேயோ கீறல் விடுகிறது. அது ஆற மாதக்கணக்கில் ஆகும். எலும்பின் பலத்தில் பெரும்பங்கு இருபது வயதுக்குள் சேர்ந்துவிடுவதால், இப்போது விட்டதைப் பின்னால் முழுசாகப் பிடிக்க முடியாது.

அதனால் அவளிடம் பக்குவமாகக் கேளுங்கள். 15 வயதாகியும் மாதவிடாய் வரவில்லை, அல்லது வந்துகொண்டிருந்தது மூன்று மாதமாக நின்றிருக்கிறது என்றால் டாக்டரிடம் போயே ஆகவேண்டும். "நிறைய ஆடுறா, அப்படித்தான் இருக்கும்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

இனி உங்கள் கேள்வி. பிழைக்க முடியும். மேடையில் ஆடலாம், கற்றுக்கொடுக்கலாம், நடனம் அமைக்கலாம். நடன மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் 1990-லிருந்து ஒரு சர்வதேச சங்கமே இயங்குகிறது. பிசியோதெரபி, உணவியல் படித்தவர்களுக்கு அந்தப் பக்கமும் வேலை இருக்கிறது. ஆனால் எந்த வழியில் போனாலும் அவளுடைய முதலீடு அந்த உடம்புதான்.

நடனப் பள்ளி பார்க்கப் போகும்போது கட்டணத்தோடு இதையும் விசாரியுங்கள். இரண்டு வகுப்புக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட நேரம் விடுகிறார்களா? அடிபட்டால் யார் பார்க்கிறார்கள்? எல்லார் முன்னாலும் எடை பார்க்கிற இடமா? அப்படியென்றால் எவ்வளவு பெயர் பெற்ற பள்ளியானாலும் நான் அனுப்பச் சொல்ல மாட்டேன். நடனக் கலைஞர்களைப் பற்றிய ஆய்வுகளை 2014-ல் தொகுத்துப் பார்த்தபோது, உணவுக் கோளாறு வரும் வாய்ப்பு இவர்களுக்கு மற்றவர்களைவிட மூன்று மடங்கு என்று தெரிந்தது.

வீட்டில் பெரிதாக ஒன்றும் வேண்டாம். வகுப்புக்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் முழுச் சாப்பாடு, கிளம்பும்முன் ஒரு வாழைப்பழம், முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் கலந்து ஏதாவது. மாவுச்சத்துதான் தசைக்கு எரிபொருள், அதைக் குறைக்கவே கூடாது. இது நல்ல சாப்பாடு, அது கெட்ட சாப்பாடு என்ற பேச்சையும், "கொஞ்சம் சதை போட்ட மாதிரி இருக்கே" என்பதையும் இன்றோடு விட்டுவிடுங்கள். அவளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிடுங்கள். சாப்பாட்டை ஒளிப்பது, சாப்பிட்டவுடன் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது, ஒரு நாள் வகுப்பு தவறினால் சாப்பிட மறுப்பது, இதில் ஏதாவது தெரிந்தால் திட்டாதீர்கள். மனநல மருத்துவரும் உணவியல் நிபுணரும் பார்க்கவேண்டிய விஷயம் அது.

அடுத்த வாரம் வரும்போது பள்ளி விண்ணப்பங்களைக் கொண்டுவாருங்கள். முதல் பத்து நிமிடம் நீங்கள் வெளியே இருங்கள், அவளிடம் நான் தனியாகப் பேசவேண்டும்.