பத்து நிமிட மேடைப் பேச்சு: வினைமுற்றுக்கு மூச்சை மிச்சம் வையுங்கள்

கேள்வி: எங்கள் ஊர்க் கிளை நூலகத்தின் பொன்விழாவில் 10 நிமிடம் பேச அழைத்திருக்கிறார்கள். இன்னும் 3 வாரம் இருக்கிறது. அண்ணா, பெரியார், வாரியார் பேச்சுகளை விரும்பிக் கேட்பவன் நான். போன வருடம் ஒரு விழாவுக்கு முழுப் பேச்சையும் எழுதி மனப்பாடம் செய்துகொண்டு போனேன். நடுவில் ஒரு வரி மறந்தது, அதோடு எல்லாமே போய்விட்டது. பின்வரிசையில் இருந்தவர்கள் "கேக்கல" என்றும் சொன்னார்கள். அண்ணா மாதிரி பேச என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டாவது குறையிலிருந்து தொடங்குவோம். "கேக்கல" என்று பின்வரிசை சொன்னால் பலரும் மைக்கைக் குறை சொல்வார்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை கத்துவார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. செய்வோமா மாட்டோமா, உண்டா இல்லையா, நடந்ததா நடக்கப்போகிறதா எல்லாம் அந்தக் கடைசிச் சொல்லில்தான் இருக்கிறது. பேசுகிறவருக்கு மூச்சு தீர்வதும் அதே இடத்தில்தான். "நம் பிள்ளைகள் புத்தகம் படிப்பதையே விட்டுவிட்டார்கள் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள். 'ஒப்புக்கொள்ள' வரை குரல் நிற்கும்; 'வில்லை' தொண்டைக்குள் போய்விடும். நீங்கள் பிள்ளைகளைத் திட்டினீர்கள் என்றே கடைசி வரிசைக்காரர் எடுத்துக்கொள்வார்.

நல்ல பேச்சாளர் என்று நாம் கொண்டாடுகிற எவரும் வினைமுற்றை விழுங்குவதில்லை. அண்ணாவின் குரல் கரகரப்பானது, ஆளும் குள்ளம். வெண்கலக் குரலை வைத்து அவர் கூட்டத்தைக் கட்டிப்போடவில்லை. அவருடைய நீண்ட வாக்கியத்துக்குள் சின்னச் சின்னத் துண்டுகள் இருக்கும். ஒவ்வொரு துண்டும் ஒரு மூச்சுக்குள் அடங்கும், அதன் கடைசி எழுத்து வரைக்கும் குரல் இருக்கும்.

இதை நீங்களே கண்டுகொள்ள ஒரு பயிற்சி உண்டு. அண்ணாவின் ஒலிப்பதிவில் ஏதாவது 2 நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி நிறுத்திக் கேட்டு, கையால் எழுதுங்கள். பிறகு மறுபடி ஓடவிட்டு, அவர் மூச்சு எடுக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சாய்கோடு போடுங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே எத்தனை சொல் என்று எண்ணுங்கள். அடுத்து உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து அதையும் அப்படியே எழுதிக் கோடு போடுங்கள். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கோளாறு என்று வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நூறு பேச்சு கேட்பதைவிட இந்த ஒரு தாள் அதிகம் கற்றுத்தரும்.

எழுதிய பேச்சை மேடைக்கு மாற்றும்போதும் இதே கணக்குதான். இப்படி ஒரு வாக்கியம் எழுதியிருப்பீர்கள்: "ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர் ஊர்ப் பெரியோர்களின் அயராத முயற்சியாலும் பொதுமக்களின் நன்கொடையாலும் இரண்டு அலமாரிகளோடு தொடங்கப்பட்டு இன்று பல்லாயிரம் நூல்களுடன் வளர்ந்து நிற்கும் இந்நூலகம் நம் ஊரின் பெருமையாகும்." கண்ணுக்குப் பிழையில்லை. காதுக்கோ, எதைப் பற்றிய பேச்சு என்பதே 'இந்நூலகம்' வரும்வரை தெரியாது. அதையே பிரித்துப் போடுங்கள்: "ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இங்கே இருந்தது இரண்டே அலமாரி. / புத்தகம் வாங்கப் பணம் இல்லை. / ஊர் கூடியது. / ஆளுக்கு ஒரு படி நெல் கொடுத்தார்கள். / அந்த நெல்தான் / இன்றைக்கு இத்தனை புத்தகமாக நிற்கிறது." நெல் என்பது இங்கே உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊரில் உண்மையில் என்ன கொடுத்தார்கள் என்று பழைய ஆட்களிடம் கேட்டு அதைச் சொல்லுங்கள். 'அயராத முயற்சி' யார் மனதிலும் படமாக நிற்காது. ஒரு படி நெல் நிற்கும்.

அண்ணா என்றதும் அடுக்குமொழியைத்தான் எல்லோரும் பிடித்துக்கொள்கிறார்கள். அங்கேதான் வழுக்குகிறது. இரவு வெகு நேரம் கழித்து ஒரு தேர்தல் கூட்டத்துக்கு வந்து சேர்ந்த அண்ணா, "மாதமோ சித்திரை, மணியோ பத்தரை, உங்களுக்கோ நித்திரை" என்று தொடங்கி, உதயசூரியனுக்கு 'முத்திரை' கேட்டு முடித்துவிட்டார் என்று மேடைகளில் இன்றும் சொல்லப்படுகிறது. அதில் எதுகை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மாதம், மணி, தூக்கம் மூன்றும் எதிரில் இருப்பவர்கள் அந்த நொடியில் உடம்பால் உணர்கிற உண்மைகள். மூன்று முறை 'ஆமாம்' என்று தலையாட்டிய பிறகு நான்காவதாகக் கோரிக்கை வருகிறது. அடுக்குமொழி போலியாகப் போவதற்குக் காரணம், முதலில் எதுகையைப் பிடித்துவிட்டுப் பிறகு பொருளைத் தேடுவதுதான். 'நூலகம், தாயகம், அறிவகம்' என்று அடுக்கினால் கைதட்டல் வரலாம். ஆனால் யாருக்கும் ஒன்றும் தெரிவிக்கவில்லை. 10 நிமிடப் பேச்சில் ஒரே ஒரு அடுக்கு போதும். அதுவும் உண்மைச் செய்தியின் மேல் உட்கார வேண்டும்.

அண்ணாவிடம் அடுக்குமொழியைவிட எடுத்துக்கொள்ளத் தக்கது வேறொன்று. 1962-ல் மாநிலங்களவையில் அவர் ஆங்கிலத்தில் பேசிய கன்னிப் பேச்சில், தான் திராவிட இனத்தைச் சேர்ந்தவன் என்பதில் பெருமைப்படுவதாகச் சொன்னார். அடுத்த மூச்சிலேயே, வங்காளிக்கோ மராட்டியருக்கோ குஜராத்தியருக்கோ தான் எதிரானவன் என்று இதற்குப் பொருளில்லை என்றார். ராபர்ட் பர்ன்ஸ் என்ற ஸ்காட்லாந்துக் கவிஞரின் வரி ஒன்றை அதற்குத் துணைக்கு அழைத்தார். எதிராளி எழுந்து கேட்கப்போகும் கேள்விக்கு, அவன் எழுவதற்கு முன்பே பதில். உங்கள் விழாவிலும் எல்லார் மனதிலும் ஒரு கேள்வி இருக்கும்: கையில் போன் இருக்கும்போது நூலகம் எதற்கு? அதைத் தவிர்த்துவிட்டுப் பேசினால் நீங்கள் சொல்வது எதுவும் ஏறாது. இரண்டாவது நிமிடத்திலேயே நீங்களே எழுப்பிவிடுங்கள்.

பெரியார் இதற்கு நேர் எதிரான வழி. எதுகை இல்லை, மோனை இல்லை, திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மொழி. 1973 டிசம்பர் 19 அன்று, இறப்பதற்கு 5 நாள் முன்பு, 94 வயதில் தியாகராய நகரில் பேசிய கடைசிப் பேச்சு வரைக்கும் அதே நடைதான். சமயச் சொற்பொழிவாளர் கிருபானந்த வாரியார் மூன்றாவது வழி: உரைநடை, பாட்டு, நகைச்சுவை என்று மாற்றி மாற்றிப் போவார், நடுவில் முன்வரிசைப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்பார். கேட்பவர் காது ஒரே ஒலியில் சலித்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். கவிதைக்குள்ள வயதோடு ஒப்பிட்டால் தமிழில் மேடைப் பேச்சு இளையது. பாதிரிமார்களின் பிரசங்க முறையைக் கவனித்த ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 அன்று யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தன் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். சுதேசி இயக்கக் காலத்தில் சுப்பிரமணிய சிவாவும் வ.உ.சி.யும் தூத்துக்குடியில் மேடையை அரசியலுக்குக் கொண்டுவந்தார்கள். ஆகவே 'இதுதான் மேடைத் தமிழ்' என்று ஒற்றை அச்சு கிடையாது. உங்கள் வாயில் இயல்பாக எது வருகிறதோ அதில் பேசுங்கள். ஒன்று மட்டும்: செந்தமிழில் தொடங்கிப் பாதியில் பேச்சுவழக்குக்கு இறங்கினால் பயத்தில் தடுமாறியதாகத் தெரியும். பேச்சுவழக்கில் போய்க்கொண்டிருந்துவிட்டு முக்கியமான ஒரு வரிக்குச் செந்தமிழுக்கு ஏறினால், அந்த வரி தனியாக நிற்கும்.

இனி மறதி. சொல் சொல்லாக மனப்பாடம் செய்யும்போது ஒவ்வொரு சொல்லும் முந்தைய சொல்லைப் பிடித்துத்தான் நிற்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் சங்கிலியே கீழே விழும். உங்களுக்கு நடந்தது அதுதான். சர்ச்சிலுக்கும் அதே நடந்தது. 1904 ஏப்ரலில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் முக்கால் மணி நேரம் போலப் பேசிக்கொண்டிருந்தவர் வாக்கியத்தின் நடுவில் மறந்து, பேச்சை முடிக்க முடியாமல் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் குறிப்பில்லாமல் முக்கியப் பேச்சுக்குப் போனதில்லை. நீங்களும் முதல் 3 வாக்கியத்தையும் கடைசி 2 வாக்கியத்தையும் மட்டும் சொல் பிசகாமல் மனப்பாடம் செய்யுங்கள். நடுப்பகுதியை 5 அட்டைகளில் வையுங்கள். அஞ்சலட்டை அளவு, ஒரு அட்டைக்கு ஒரு செய்தி, 5 வரிக்கு மேல் வேண்டாம். எழுத்து, கையை நீட்டிப் பிடித்தாலும் படிக்கிற அளவில் இருக்கட்டும். மூலையில் எண் போடுங்கள். கை நடுங்கி அட்டைகள் கீழே விழுந்தால் எண்தான் காப்பாற்றும். பெயர், ஆண்டு, குறள் இவற்றை முழுசாக எழுதுங்கள். மற்றதற்கு ஒரு சொல் போதும்: 'நெல்', 'வண்டி', 'போன்'.

மேடையில் பேச்சு பாதியில் நின்றுவிட்டால், கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையே இன்னொரு முறை மெதுவாகச் சொல்லுங்கள். கேட்பவருக்கு அது அழுத்தமாகத்தான் படும். உங்களுக்கு 4 நொடி கிடைக்கும். அதிலும் வராவிட்டால் அடுத்த அட்டை. 'மன்னிக்கவும், மறந்துவிட்டேன்' என்று சொல்லாதவரை எதிரில் ஒருவருக்கும் தெரியாது. அட்டையில் இருப்பதைத் தாண்டிப் போகவும் பயப்பட வேண்டாம். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் பேசியபோது, 'எனக்கொரு கனவு இருக்கிறது' என்ற பகுதி கையில் இருந்த தாளில் இல்லை. பக்கத்தில் இருந்த பாடகி மகாலியா ஜாக்சன் 'அந்தக் கனவைச் சொல்லுங்கள்' என்று குரல் கொடுத்தார். கிங் தாளை விட்டுவிட்டுப் பேசினார். ஆனால் அந்தக் கனவை அவர் அதற்கு முன்பே பல மேடைகளில் சொல்லிப் பழகியிருந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நூறு முறை வாயில் புழங்கியதுதான் அப்படித் தானாக வரும்.

என்ன பேசுவது என்பதற்கும் கொஞ்சம் கை கொடுக்கிறோம். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார்; நூலகவியலின் ஐந்து விதிகளை 1931-ல் வெளியிட்டார். அதே ஆண்டு மன்னார்குடிப் பக்கத்துக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் புத்தகங்கள் போயின. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. இவற்றில் மாட்டு வண்டி ஒன்றை மட்டும் எடுத்து ஒரு நிமிடம் விரித்தால் போதும். நான்கையும் வரிசையாக ஒப்பித்தால் தகவல் பலகை படித்த மாதிரி ஆகிவிடும். குறள் ஒன்று சொல்லுங்கள், ஆனால் வழக்கமான வரிசையை மாற்றுங்கள். முதலில் நிலைமை: "படித்தவர் நிறைய இருக்கிறார்கள். படித்ததை எடுத்துச் சொல்லத் தெரியவில்லை. பூத்துக் குலுங்குகிறது, ஆனால் மணம் இல்லை." பிறகு நிறுத்தி, "இணரூழ்த்தும் நாறா மலரனையர் கற்றது / உணர விரித்துரையா தார்." பொருள் முன்னாலேயே வந்துவிட்டதால் குறள் தீர்ப்பு மாதிரி விழும். குறளை முதலில் சொல்லிப் பின்னால் உரை சொன்னால் வகுப்பறை ஆகிவிடும்.

நேரக் கணக்கு. கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து சொற்களை எண்ணுங்கள். மேடை நிதானத்தில் பெரும்பாலோருக்கு 80 முதல் 100 சொல்லுக்குள் வரும். 90 என்றால் 10 நிமிடத்துக்கு 900. ஆனால் தொடக்கத்தில் 'தலைவர் அவர்களே' என்று பெயர் சொல்லி அழைக்கும் விளிப்புக்கு ஒரு நிமிடம் போகும், கைதட்டல், நிறுத்தம் என்று இன்னும் கொஞ்சம் போகும். 700 சொல்லுக்கு மேல் தயாரிக்காதீர்கள். 1863-ல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கனுக்கு முன்னால் எட்வர்ட் எவரெட் 2 மணி நேரம் பேசினார். லிங்கன் பேசியது சுமார் 270 சொல்தான். இன்னொன்றும் நிச்சயம் நடக்கும்: நிகழ்ச்சி தாமதமாகி, 'சீக்கிரம் முடிக்கவும்' என்று துண்டுச் சீட்டு வரும். எந்த இரண்டு அட்டைகளை விட்டாலும் பேச்சு குலையாது என்று வீட்டிலேயே முடிவு செய்து, அவற்றின் ஓரத்தைச் சிவப்பு மையால் கோடிட்டு வையுங்கள். மேடையில் வேகத்தைக் கூட்டி எல்லாவற்றையும் திணிப்பவர் வினைமுற்றை மறுபடி விழுங்கத் தொடங்கிவிடுவார்.

விளிப்புக்கு அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, முன்னெழுத்தும் பதவியும் சரியா என்று விழாக் குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வந்தவர், வராதவர் மாறியிருப்பார்கள். தலைவர், சிறப்பு விருந்தினர், நூலகர் மூவரைப் பெயர் சொல்லி, மற்றவர்களை 'மேடையிலும் எதிரிலும் இருக்கும் பெரியோர்களே' என்று ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். ஏழு பேரைச் சொல்லி எட்டாமவரை விட்டால்தான் மனத்தாங்கல் வரும்.

மைக் கையில் பிடிப்பது என்றால் வாய்க்கு நான்கு விரல் இடைவெளி. மேசைமேல் நிற்பது என்றால் ஒரு சாண். நேராக ஊதாமல் சற்று ஓரமாக வைத்துப் பேசினால் 'ப' வரும் இடங்களில் 'பொட்' என்று வெடிக்காது. மைக்கின் தலையை உள்ளங்கையால் மூடாதீர்கள், கீச்சென்று கத்தும். திறந்த வெளியில் தூரத்து ஒலிபெருக்கியிலிருந்து உங்கள் குரலே தாமதமாகத் திரும்பி வரும். 100 மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 நொடி. அதற்காகக் காத்திருந்தால் பேச்சு தள்ளாடும். அதைக் காதில் வாங்காமல், முன்வரிசை முகங்களைப் பார்த்தே போங்கள். கைதட்டும்போது அதன் மேலேறிப் பேச வேண்டாம். ஓசை பாதியாகக் குறைந்ததும் தொடங்குங்கள்.

3 வாரத்தில் முதல் வாரம் ஒலிப்பதிவுத் தாளும் பழைய ஆட்களிடம் விசாரிப்பதும். இரண்டாவது வாரம் எழுதி, துண்டு போட்டு, அட்டையாக்குவது. மூன்றாவது வாரம் தினம் ஒரு தடவை, நின்றுகொண்டு, முழுக் குரலில். வீட்டில் ஒருவரை அடுத்த அறையில் உட்கார வைத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மட்டும் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதாமல் விட்ட வாக்கியங்களை மட்டும் எடுத்து, நடுவில் இன்னொரு சாய்கோடு போட்டு, மறுநாள் பேசிப் பாருங்கள்.