ஒரே இரவில் ஏறி இறங்கும் ஒளி

கேள்வி: சில விண்மீன்களின் ஒளி ஒரு நாளுக்குள்ளேயே கூடிக் குறைவதாகப் படித்தேன். பகலில் அவற்றைப் பார்க்க வழியில்லாதபோது, அந்தக் கால அளவை எப்படித் துல்லியமாகக் கணிக்கிறார்கள்? ஒளி மாறும் விண்மீன்களின் அட்டவணையில் சேர்க்க அது ஒன்றே போதுமா?
— வாசகர் ஒருவர், தேனி

பதில்: குறுங்காலத் துடிப்பு விண்மீன்களுள் பெயர் பெற்றது, யாழ் விண்மீன் குழுவிலுள்ள ஆர்.ஆர். லைரே. ஹார்வர்டு வான்காணகத்தின் ஒளிப்படத் தகடுகளில் வில்லியமினா ஃபிளெமிங் கண்டறிந்த இந்த விண்மீன், சுமார் 13 மணி 36 நிமிடத்துக்கு ஒருமுறை 7.1, 8.1 என்னும் ஒளித்தரங்களுக்கிடையே ஏறி இறங்குகிறது. (எண் கூடினால் ஒளி குறைவு.) ஏற்றம் விரைவானது, இறக்கம் நிதானமானது. வெளி அடுக்குகளிலுள்ள ஹீலியம், அமுக்கப்படும்போது அயனியாகி வெப்பத்தைத் தேக்கிக்கொண்டு, விரியும்போது அதை வெளியே விடுவதால் விண்மீனே புடைத்துச் சுருங்குகிறது.

ஒரே இரவில் முழுச் சுற்றையும் பார்க்க இயலாது என்று நீங்கள் ஐயுறுவது சரியே. ஆகவே பல இரவுகளில் எடுத்த அளவீடுகளை ஒரு கால அளவை உத்தேசித்து, அதன்படி ஒன்றின்மேல் ஒன்றாக மடித்துப் பார்க்கிறார்கள். உத்தேசம் தவறானால் புள்ளிகள் சிதறிக் கிடக்கும், சரியானால் ஒரே ஒளிவளைவாக (நேரத்துக்கேற்ப ஒளி மாறுவதைக் காட்டும் கோடாக) கூடி நிற்கும். இதில் ஒரு பெரிய பொறி உண்டு. ஆர்.ஆர். லைரேயை இரவுதோறும் ஒரே நேரத்தில் மட்டும் அளந்தால், நாளொன்றுக்கு 1.764 முறை துடிப்பதற்கும் 0.764 முறை துடிப்பதற்கும் வேறுபாடு தெரியாது. இரண்டுக்கும் நாளுக்குச் சரியாக ஒரு துடிப்பே வேறுபாடு என்பதால், 31 மணி நேரத்துக்கும் சற்று மேலான ஒரு பொய்க்காலமும் அப்படியே பொருந்திவிடும். இரவின் வெவ்வேறு நேரங்களில் அளப்பதும், வேறு தீர்க்கரேகையிலுள்ளவரின் அளவீட்டைச் சேர்ப்பதும்தான் இதற்குத் தீர்வு. 2018 வரை இயங்கிய கெப்ளர் போன்ற விண்வெளித் தொலைநோக்கிகளுக்குப் பகலால் தடையில்லை.

துல்லியம் ஏன் வேண்டும் என்றால், இந்த விண்மீன் ஆண்டுக்கு ஏறத்தாழ 644 முறை துடிக்கிறது. கால அளவில் ஒரு விநாடி பிழைத்தாலும் ஓராண்டில் உச்ச ஒளியின் நேரம் கிட்டத்தட்ட 11 நிமிடம் தவறிவிடும். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒளி நம்மை எட்டும் நேரமும் 8 நிமிடம் வரை முன்பின் ஆகும் என்பதால், நேரங்களைச் சூரியனை மையமாகக் கொண்டு திருத்தியே பதிவு செய்கிறார்கள்.

அட்டவணைக்குக் கால அளவு மட்டும் போதாது. வானில் விண்மீனின் இடம், உச்ச, நீச ஒளித்தரங்கள், ஓர் உச்சத்தின் நேரம், வகை ஆகியவையும் வேண்டும். வகையை முடிவு செய்வதில்தான் கவனம் அதிகம் தேவை என்பேன். ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு சுற்றும் இரட்டை விண்மீன்கள் மாறிமாறி மறைப்பதாலும் இதே போன்ற ஏற்ற இறக்கம் தோன்றும். ஒரு சுற்றில் இருமுறை ஒளி குறைவதால், அவற்றின் காலத்தை உண்மையில் பாதியாகக் கணித்துத் துடிப்பு விண்மீன் என்று பதிவு செய்துவிடுவது எளிதில் நேரும் பிழை. இரு வேறு நிற வடிகட்டிகளில் அளந்தால் குட்டு வெளிப்படும்: துடிக்கும் விண்மீன் உச்சத்தில் வெப்பமேறி நீலம் கூடும், தொட்டுச் சுற்றும் இரட்டைகளில் நிறம் பெரிதாக மாறாது. விண்மீன்களை அளந்த ஐரோப்பிய விண்கலமான கையாவின் 2022ஆம் ஆண்டுத் தரவில் ஆர்.ஆர். லைரே வகை மட்டுமே 2.7 லட்சத்துக்கு மேல் இருப்பதால், இந்தப் பிரிப்பைக் கணினியே முதலில் செய்கிறது.

நீங்களே அளக்க விரும்பினால், கும்ப விண்மீன் குழுவிலுள்ள சி.ஒய். அக்வேரியைத் தேர்ந்தெடுங்கள். அதன் காலம் சுமார் 88 நிமிடமே. சிறு தொலைநோக்கியும் கேமராவும் இருந்தால், அக்டோபர் மாதத்து முன்னிரவு ஒன்றிலேயே இரண்டு முழுச் சுற்றுகளைப் பதிவு செய்துவிடலாம்.